நீ பார்க்காத இறுதி ஆட்டம்

மாப்ள,

இன்று காலை சிம்மக்கல் பக்கம் போகும்போது சைக்கிள் டியூப் பஞ்சராகிவிட்டது. பக்கத்தில் இருந்த கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். கடைக்காரர் டியூபை உரசிவிட்டு சொல்யூஷன் டப்பாவைத் திறந்தார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நான் சிம்மக்கல்லில் இல்லை. செல்லூரில் உன் வாடகை சைக்கிள் கடையில், கவிழ்த்துப் போட்ட சாதிக்காய்ப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தேன். உன் மடியில் இருந்தது சைக்கிள் டியூப் இல்லை. நம் காலேஜ் பந்துக்குள் இருக்கும் ரப்பர் பிளாடர். அதற்கு ஒட்டுப் போட்டு, காற்றடித்து, காதோடு வைத்துக் கேட்டுவிட்டு, "அடங்கிருச்சு மச்சான், இனிப் பேசாது" என்பாய். ஊர்க்காரன் சைக்கிளெல்லாம் வரிசையில் காத்துக் கிடக்கும். காலேஜ் பந்துக்குத்தான் உன் கடையில் முதல் மரியாதை.

நம் காலேஜ் என்று என் கை தானாக எழுதுகிறது. நீயும் நானும் அந்தக் காலேஜின் வகுப்பறையை ஜன்னல் வழியாகக்கூட எட்டிப் பார்த்ததில்லை. நான் மில் ஆபீஸ் குமாஸ்தா, நீ சைக்கிள் கடைக்காரன். ஆனால் அங்கே படித்து பி.ஏ. வாங்கிப் போனவர்கள் நாலு வருஷத்தில் காலேஜை மறந்தார்கள். நாம் மறக்கவில்லை. மேற்குப் பக்கத்து கோல் கம்பத்துக்குப் பின்னால்தான் நமக்குப் பழக்கம். ஒரு பந்தாட்டக் கோஷ்டிக்கு உயிர்நாடி சென்டர் ஹாஃபா, கோல்கீப்பரா என்று ஒரு சாயங்காலம் சண்டை தொடங்கியது. சென்டர் ஹாஃப் என்றேன் நான். கோல்கீப்பர் என்றாய் நீ. அந்தச் சண்டையை விட மனசில்லாமல்தான் என் தங்கை அன்னத்தை உனக்குக் கட்டிக் கொடுத்தேன் என்று வீட்டில் இன்றைக்கும் கேலி பேசுகிறார்கள். முழுப் பொய் என்று நான் மறுக்க மாட்டேன்.

உன் அபிப்பிராயங்களுக்குக் கணக்கு வழக்கே கிடையாது. பூட்ஸ் போட்டு ஆடுகிறவனை நீ பந்தாட்டக்காரனாகவே சேர்த்துக்கொள்ள மாட்டாய். "பாதத்துல கண்ணு இருக்கு மச்சான். அதைத் தோலைப் போட்டு மூடுனா பந்து எங்கிட்டுத் தெரியும்?" என்பாய். நம் பையன்கள் பந்தைத் தள்ளிக் கொடுக்காமல் ஆளாளுக்குச் சுமந்துகொண்டு ஓடுவதைப் பார்த்தால் உனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதிலும் நம் சென்டர் ஃபார்வர்டு மேல் உனக்கு இருந்த வன்மம் இருக்கிறதே, அது தனி. ஆட்டத்துக்கு நடுவில் அவன் கால்சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலை வாரியதை நீ ஒரு தடவை பார்த்துவிட்டாய். அன்றோடு அவனுடைய அப்பா அம்மா வைத்த பெயர் போயிற்று. அவன் சீப்பு. காலேஜ் வாத்தியார் ஒருவர்கூட "சீப்பு இன்னைக்கு ஆடுறானா?" என்று உன்னிடம் கேட்டதை நான் காதால் கேட்டேன்.

உன் செல்லப் பிள்ளை தவசி. நாகமலைக்கு அந்தப் பக்கம் ஒரு சம்சாரி வீட்டுப் பையன். காலேஜ் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டு நமக்கு கோல்கீப்பராக நின்றான். வைக்கோல் படப்புப் போடும்போது கீழேயிருந்து எறிகிற வைக்கோல் கட்டுகளை உச்சியில் நின்று பிடித்துப் பழகிய கை அவனுக்கு. பந்து அவன் நெஞ்சுக்கு வந்தால் வீட்டுக்கு வந்த மாதிரி. அவன் பின்னால் நின்று நீ ஆட்டம் முழுக்கப் பேசிக்கொண்டே இருப்பாய். அவனும் திரும்பாமலே தலையாட்டுவான்.

அவன் வந்த இரண்டாம் வருஷம்தான் நம் காலேஜ் முதல் தடவையாக இறுதி ஆட்டத்துக்குப் போயிற்று. எதிரே திருச்சிக் காலேஜ். நமக்கு மீசை முளைக்காத நாளிலிருந்து நம்மை அழ வைத்துக்கொண்டிருந்த கோஷ்டி. ஆட்டம் நம் மைதானத்திலேயே சனிக்கிழமை என்றதும் உன் கால் தரையில் இல்லை. அந்த வாரம் முழுக்க நீ பஞ்சர் ஒட்டிய டியூபெல்லாம் மறுநாளே திரும்பி வந்தன.

அந்தச் சந்தோஷத்தில்தான் நீ அந்தக் காரியத்தைச் செய்தாய். ஹாஸ்டல் சோற்றில் தவசி இளைத்துவிட்டான் என்று உனக்குக் கவலை. திங்கட்கிழமை அவனைக் கூப்பிட்டு, ஊருக்குப் போய் ஆத்தா கையால் இரண்டு நாள் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வரச் சொன்னாய். போகச் சைக்கிளும் கொடுத்தாய். செவ்வாய்க்கிழமை அவன் ஊர் மாரியம்மன் கோயிலில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டார்கள். மதுரைக்காரனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காப்புக் கட்டுகிற நேரத்தில் ஊருக்குள் இருந்தவன் திருவிழா முடிகிற வரை எல்லையைத் தாண்டக் கூடாது. மாசி மாதம், மாரியம்மன் கோயில், செவ்வாய்க்கிழமை. இது மூன்றும் மறந்துபோகிற அளவுக்கு உனக்குப் பந்துப் பைத்தியம். தவசிக்கு ஆத்தா வைத்த குழம்புப் பைத்தியம்.

வெள்ளிக்கிழமை பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் சந்தைக்கு வந்த இடத்தில் சொல்லித்தான் நமக்கே தெரிந்தது. உன் முகம் போன போக்கை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. சனிக்கிழமை விடியும் முன்பே ஆளுக்கொரு சைக்கிளில் கிளம்பினோம். நான் மில்லுக்கு வயிற்று வலி என்று சொல்லியனுப்பினேன். வழி நெடுக நீ ஒரு வார்த்தை பேசவில்லை. உன்னைத் தெரிந்தவர்கள் யாரும் இதை நம்ப மாட்டார்கள்.

ஊர் அம்பலகாரர் கோயில் வாசலில் வேப்பிலைத் தோரணம் கட்டுவதை மேற்பார்த்துக்கொண்டிருந்தார். நாம் விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. ஊரில் தலை குறையக் கூடாது என்றார். கோர்ட்டு வாய்தா, வைத்தியர் என்று தவிர்க்க முடியாத காரியமாக ஒருவன் போனால், அவனுக்குப் பதிலாக வெளியூர் ஆள் ஒருவன் எல்லைக்குள் வந்து உட்கார வேண்டும். போனவன் கோயிலில் விளக்கு வைக்கும் முன் திரும்பிவிட வேண்டும். அதுதான் ஊர் வழக்கம் என்றார். தவறினால் தவசி வீட்டுக்கு உரிய முதல் முளைப்பாரி எடுக்கிற மரியாதை இனி வேறு வீட்டுக்குப் போய்விடும். தவசியின் அப்பா தூணோரமாக நின்றிருந்தார். அவருக்கு எது போகும் என்று நமக்குப் புரிந்தது.

"வாய்தாவுக்கு ஆளு வச்சிருக்கோம். பந்து வெளாட ஆளு வச்சதில்ல," என்றார் அம்பலகாரர். "யாரு உக்காரப் போறா?"

நான்தான் முன்னால் போனேன். நீ என் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாய்.

"நான்தான் மச்சான் இவனை அனுப்புனேன். நான் உக்காருறேன்."

உனக்கென்ன பைத்தியமா என்று கேட்டேன். எத்தனை வருஷம் காத்திருந்த ஆட்டம் என்று கேட்டேன். நீ அசையவில்லை.

"நான் பார்த்தா கத்துறதுலயே பாதி போயிரும். ஒண்ணையும் முழுசா வீட்டுக்குக் கொண்டாந்து சேர்க்க மாட்டேன். நீ பார்த்தா நானும் பார்த்த மாதிரி. போ. ஒண்ணு விடாமப் பார்த்துட்டு வந்து சொல்லு."

தவசியை உன் சைக்கிளில் ஏற்றி அனுப்பினாய். எல்லைக்கல் வரை நடந்து வந்தாய், அதைத் தாண்டவில்லை. வளைவில் நான் திரும்பிப் பார்த்தபோது கையை ஆட்டவும் இல்லை. கல்லுக்கு அந்தப் பக்கம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாய்.

ஆட்டம் குறித்த நேரத்தில் தொடங்கியிருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. கோப்பை கொடுக்க வருவதாக இருந்த பெரிய அதிகாரி வரத் தாமதம். இரு கோஷ்டியும் வெயிலில் நின்றது. அதிகாரி வந்து, மாலை போட்டு, எல்லார் கையையும் குலுக்கி முடிக்கும்போது பொழுது மேற்கே நன்றாகச் சாய்ந்துவிட்டது. நான் இரண்டு சைக்கிளையும் நம் வழக்கமான இடத்தில் சாய்த்துவிட்டு நடுவில் நின்றேன். உன் இடம் காலியாக இருந்தது. ஒருவன் வந்து நிற்கப் பார்த்தான். ஆள் வருகிறது என்று விரட்டினேன்.

அப்பேர்ப்பட்ட ஆட்டத்தை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை. திருச்சிக்காரர்கள் தொடக்கத்திலேயே தலையால் முட்டி ஒரு கோல் போட்டுவிட்டார்கள். தவசி தொட்டும் நிற்கவில்லை. அதற்குப் பிறகு அவன் ஒன்றையும் உள்ளே விடவில்லை. எங்கிருந்து அடித்தாலும் பந்து அவன் நெஞ்சில் போய் உட்கார்ந்தது. ஒரு தடவை மூன்று பேர் ஒன்றாக வந்தார்கள். தவசி அவர்கள் காலடியில் பாய்ந்து படுத்து, பந்தைக் கட்டிக்கொண்டு எழுந்தான். மூக்கிலிருந்து ரத்தம். அவன் சிரித்தான். இரண்டாம் பாதியில் கார்னரிலிருந்து வந்த பந்தை நம் சென்டர் ஹாஃப் உள்ளே தள்ளினான். கோஷ்டிக்கு உயிர்நாடி யார் என்று அப்போதே உன்னைக் கேட்க எனக்கு நாக்கு துடித்தது.

ஒன்றுக்கு ஒன்று. விசில் ஊதியாயிற்று. அதிக நேரம் ஆட வேண்டும் என்றார்கள்.

சூரியன் தென்னை உச்சிக்குக் கீழே இறங்கியிருந்தது. கேப்டனுக்கு முன்பே விஷயம் தெரியும். இருந்தாலும் தவசியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். இன்னும் கொஞ்ச நேரம்தான், இன்னும் கொஞ்ச நேரம்தான் என்று கெஞ்சினான். அந்தக் காலத்தில் மாற்று ஆள் என்பதே கிடையாது. ஒருவன் போனால் மிச்சப் பத்துப் பேர்தான். தவசி என்னைப் பார்த்தான். ஒரு பக்கம் கோப்பை, இன்னொரு பக்கம் தூணோரம் நின்ற அவன் அப்பா. உன் சைக்கிளை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டு, திரும்பியே பார்க்காமல் மேற்கே மிதித்தான். கூட்டம் அவனைக் கூவித் திட்டியது. எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டு பேர் காலரைப் பிடித்திருப்பேன். ஒன்று விடாமல் பார்க்க வேண்டும் என்று நீ சொல்லியிருந்தாய், அதனால் விட்டேன்.

இடது பேக் அந்தோணியை கோலில் நிறுத்தினார்கள். பிறந்ததிலிருந்து பேக்காகவே ஆடியவன். கோலில் நிற்கிறவன் கையால் பிடிக்கலாம் என்பதே பாவம் அவனுக்கு நினைவில்லை. வந்த பந்தையெல்லாம் உதைத்தான், முட்டினான், வயிற்றால் தள்ளினான். கையை மட்டும் முதுகுக்குப் பின்னால் கட்டாத குறை. "கையிருக்குடா அந்தோணி" என்று மைதானமே கத்துகிறது. அவன் காதில் விழவில்லை. திருச்சிக்காரர்களுக்கே அடித்து அடித்துச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பில் அவர்கள் பேக் இரண்டும் கொஞ்சம் முன்னால் ஏறி வந்துவிட்டது. அந்தோணி உதைத்த உதை ஒன்று நடுக்கோட்டைத் தாண்டிப் போய் விழுந்தது. அங்கே தன்னந்தனியாக நின்றிருந்தான் சீப்பு.

என்ன ஆயிற்று என்பதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன். எனக்கு அன்றைக்கு நீ செய்ததும் அதுதானே.

இறுதி விசில் ஊதியதும் நான் சைக்கிளை மிதித்த மிதி இந்த ஜன்மத்துக்குப் போதும். எதிரே சிவந்த வானம். எல்லைக்கல்லை நெருங்கும்போது லேசாக இருட்டிவிட்டது. கல்லோரம் நீ நின்றிருந்தாய், பக்கத்தில் தவசி, அவன் அப்பா. அம்பலகாரரும் துண்டை உதறிக்கொண்டு வந்துவிட்டார். தவசி நேரத்துக்கு வந்து சேர்ந்தானா என்று மூச்சிரைக்கக் கேட்டேன். அவன் வருகிற வரை விளக்கை ஏற்றாமல், திரியைக் கையில் வைத்துக்கொண்டு அம்பலகாரர் திரித்துத் திரித்து மாய்ந்துபோனார் என்று நீ சொன்னாய். பகல் முழுக்க நீ அவருக்குப் புளியங்கொட்டையை அடுக்கி வைத்து ஆட்டத்தைச் சொல்லிக் கொடுத்திருக்கிறாய். அவருக்கும் அந்த நோய் தொற்றிவிட்டது.

நான் வாயைத் திறந்தேன். நீ கையை நீட்டித் தடுத்தாய்.

"முடிவைச் சொல்லாத மச்சான். டாஸ்ல இருந்து சொல்லு."

தவசிக்கு அழுகையே வந்துவிட்டது. "அண்ணே, ஜெயிச்சமா தோத்தமா, அதை மட்டும் சொல்லச் சொல்லுங்கண்ணே. மீதி எனக்குத் தெரியும்ணே, நான்தானே வெளையாண்டேன்," என்றான். அவன் வந்ததிலிருந்து அவனையும் வாய் திறக்க விடவில்லையாம் நீ. "நீ கோல்ல நின்னு பார்த்தது வேற, மச்சான் பார்த்தது வேற. பேசாம இரு," என்று அதட்டினாய். அவன் தன் ஆட்டத்தைத் தானே ஆரம்பத்திலிருந்து கேட்டுக்கொண்டு நின்றான்.

நான் சொன்னேன். டாஸ் போட்டதிலிருந்து, அதிகாரியின் மாலையிலிருந்து சொன்னேன். நீ கண்ணை மூடிக்கொண்டு கேட்டாய். திருச்சிக்காரன் முட்டிய இடத்தில் பல்லைக் கடித்தாய். தவசி மூவர் காலடியில் விழுந்ததைச் சொன்னபோது எட்டி அவன் தலையைத் தடவினாய். அவன் அப்பா அப்போதுதான் மகன் மூக்கைப் பார்த்தார். அந்தோணி கையில்லாதவன் போல ஆடியதைச் சொன்னதும் நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாய். அம்பலகாரர் மட்டும் சிரிக்கவில்லை. "அப்பறம்?" என்றார்.

"அப்பறம் அந்தோணி ஒதைச்சது சீப்பு கிட்டப் போச்சு," என்றேன்.

நீ தலையில் அடித்துக்கொண்டாய். "போச்சு. கெடுத்திருப்பான்."

"போட்டுட்டான், மாப்ள. கோலு. ஜெயிச்சுட்டோம்."

நீ குதிப்பாய், என்னைத் தூக்கிச் சுற்றுவாய் என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். தவசிதான் குதித்தான். அவன் அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நீ கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாய்.

"எந்தக் காலுல அடிச்சான்?"

அவன் அடிக்கக் காலைத் தூக்கியதுதான் தெரியும். அதற்குள் நான் கத்திக்கொண்டு குதித்து, பக்கத்தில் நின்ற சுண்டல்காரரைக் கட்டிப்பிடித்து, அவர் கூடையைக் கவிழ்த்துவிட்டிருந்தேன். திரும்பிப் பார்க்கும்போது பந்து உள்ளே கிடந்தது. அதைச் சொன்னேன்.

"இம்புட்டும் சொல்லிட்டு அதைப் பார்க்கலையா மச்சான்," என்றாய். உன் குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

திரும்பி வரும்போது வைகைப் பாலத்தில் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தோம். ஆற்றில் தண்ணீர் இல்லை, மணல் வெளுத்துக் கிடந்தது. "நல்ல ஆட்டம். நான் பார்த்துட்டேன் மச்சான்," என்றாய் நீ. கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, "அந்தக் காலு மட்டுந்தான் பார்க்கல," என்றாய்.

அதற்குப் பிறகு நீ அடித்த கூத்து ஊருக்கே தெரியும். அந்த இறுதி ஆட்டத்தைப் பற்றி உன் கடையில் பேச்சு எழுந்தால், நேரில் பார்த்தவர்களெல்லாம் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். பார்க்காத நீ அவர்களைத் திருத்துவாய். சீப்பு இடது காலால்தான் அடித்தான் என்று நீயாக முடிவு கட்டிவிட்டாய். பந்து வந்த திசைக்கு வலது கால் தோதுப்படாது என்பது உன் வாதம். சில வருஷம் கழித்து, சர்க்கார் உத்தியோகஸ்தனாகி, தலை வழுக்கையாகி, சைக்கிளுக்குக் காற்றடிக்க வந்த சீப்பையே நீ நிறுத்தி வைத்து விசாரித்தாய். தனக்கு ஞாபகமில்லை என்றான் அவன். "ஒனக்கு என்ன தெரியும்?" என்று அவனையே கேட்டாய். அன்று நான் சிரித்த சிரிப்பில் எனக்குப் புரையேறிவிட்டது. நீயும் சிரித்தாய். ஆனால் அந்தக் கேள்வியை நீ விடவே இல்லை.

யுத்தம் வந்தது, தோல் பந்துக்குப் பஞ்சம் வந்தது, ஆடிய பையன்கள் ஊர் ஊராகப் போனார்கள். நம் சண்டை ஓயவில்லை. உனக்கு மூச்சுத் திணறல் வந்து மைதானத்துக்கு நடக்க முடியாமல் போன பிறகு, நான் ஒவ்வொரு ஆட்டமாகப் பார்த்துவிட்டு வந்து உன் கட்டிலருகில் உட்கார்ந்து சொன்னேன். டாஸிலிருந்து. அன்னம் காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "ஜெயிச்சாங்களா அண்ணே?" என்று கேட்பாள். நாம் இருவரும் சேர்ந்து அவளை முறைப்போம். போன ஐப்பசியில் நீ போய்விட்டாய். அந்த மாதம் ஆட்டம் எதுவும் இல்லை. மைதானத்தில் மழைத் தண்ணீர் தேங்கியிருந்தது.

போன சனிக்கிழமை நம் காலேஜுக்கு ஆட்டம். நீ போன பிறகு முதல் தடவையாகப் போனேன். புதிதாக ஒரு கோல்கீப்பர் வந்திருக்கிறான். கை நீளம், ஆனால் அவசரக்காரன். பேக் இரண்டு பேரும் தேவலை. பந்தைத் தள்ளிக் கொடுக்க இப்போதுதான் கற்றிருக்கிறார்கள், உனக்குப் பிடித்திருக்கும். ஆட்டம் முடிகிற நேரத்தில் நம் பையன் ஒருவன் இரண்டு பேரைத் தாண்டிக்கொண்டு உள்ளே நுழைந்தான். மைதானமே எழுந்து கத்தியது. பக்கத்தில் நின்றவர் என் தோளைப் பிடித்து உலுக்கினார். நான் கத்தவில்லை மாப்ள. அன்றைக்கு எல்லைக்கல்லருகில் நீ கேட்டதிலிருந்து எந்த கோலுக்கும் நான் கத்தியதில்லை. குனிந்து அவன் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், வந்து உன்னிடம் சொல்ல வேண்டுமே என்று. உன் கடை வாசல் வரை சைக்கிளை மிதித்து வந்து இறங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

இடது கால், மாப்ள. உள்பாதத்தில் வாங்கி, தரையோடு அடித்தான். நான் நன்றாகப் பார்த்தேன்.